சென்னையிலிருந்து லண்டன்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர் என்ற விடை நொடியில் வந்துவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினால் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு தளம் ஒன்பதரை மணி நேரம் என்கிறது, இன்னொன்று பத்தரை என்கிறது, விமான நிறுவனத்தின் அட்டவணையோ போவதற்கு ஒரு கணக்கும் வருவதற்கு வேறொரு கணக்கும் காட்டுகிறது. பயணச் சீட்டில் அச்சாகியிருக்கும் புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து கழித்துப் பார்ப்பவருக்கு, ஐந்தரை மணி நேரத்திலேயே லண்டன் போய்விடலாம் போலத் தோன்றும். இவற்றில் எதுவும் பொய்யான எண் இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. தொலைவு என்பது வடிவியல் தருகிற எண். இரு விமான நிலையங்களும் இருக்கும் இடத்தில் இருக்கும்வரை அது மாறாது. நேரமோ காற்று, நாடுகளின் வான்வெளி, விமான நிலைய நெரிசல், கடிகாரம் ஆகியவற்றால் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவாகிறது.

முதலில் தொலைவைப் பார்ப்போம். பூமி உருண்டையாக இருப்பதால், அதன் பரப்பின்மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ஒரு வளைவாகவே அமையும். பூமியின் மையத்தையும் அந்த இரண்டு இடங்களையும் தொட்டுக்கொண்டு உருண்டையை இரு சம பாதிகளாக வெட்டுவதாக வைத்துக்கொண்டால், வெட்டுக்கோடு பரப்பின்மேல் ஒரு வட்டமாகத் தெரியும். அதைப் பெருவட்டம் என்கிறோம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கக்கோடு ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. சென்னையையும் லண்டனையும் இணைக்கும் பெருவட்டத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிறிய வில்லின் நீளம்தான் அந்த 8,230 கிலோமீட்டர். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். இறுக்கமாக நிற்கும் நூல் இந்த வில்லின்மேல்தான் படியும்.

சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் இது தெரியாது. பள்ளிகளில் நாம் பார்த்துப் பழகிய உலக வரைபடங்கள் பலவற்றுக்கு, 1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் வகுத்த முறையோ அதன் வழிவந்த முறைகளோ அடிப்படை. கப்பலோட்டிகள் திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு செல்லும் பாதை நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதே மெர்கேட்டரின் நோக்கம். அதற்காக, துருவங்களை நெருங்க நெருங்கப் பரப்பை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அந்த வரைபடத்தில் சென்னையிலிருந்து லண்டனுக்கு அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின்படியே பறந்தால் கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர். பெருவட்டப் பாதையைவிட இது சுமார் 250 கிலோமீட்டர் அதிகம். கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகி, வடக்கில் உயர்ந்த அட்சக்கோடுகளில் இருக்கும் ஊர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரிதாகும். தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான பெருவட்டப் பாதை ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே ஏறி இறங்குகிறது. தட்டை வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது வேண்டாத சுற்று போலத் தோன்றும்.

கணக்கிடும் முறை பெரிய மர்மம் இல்லை. இரு இடங்களின் அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு அளவுகளும் பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரும் தெரிந்தால், பள்ளிக்கூடத்து முக்கோணவியலைக் கொண்டே தூரத்தைக் கண்டுவிடலாம். பூமி துல்லியமான உருண்டையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதன் ஆரம் துருவப் பகுதியில் உள்ளதைவிட ஏறக்குறைய 21 கிலோமீட்டர் அதிகம். அதனால் கோளமாகக் கொண்டு போட்ட கணக்குக்கும் தட்டைத்தன்மையையும் சேர்த்துப் போட்ட கணக்குக்கும் அரை விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். இரண்டு தளங்கள் ஒரே ஊர்களுக்கு இடையே பத்து, இருபது கிலோமீட்டர் வித்தியாசம் காட்டுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், ஒன்று ஊரின் நடுப்புள்ளியையும் மற்றொன்று விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்வது. சென்னைக்கு மீனம்பாக்கமும் லண்டனுக்கு ஹீத்ரோவும்தான் பயணிக்குப் பொருத்தமான புள்ளிகள். அலகிலும் கவனம் தேவை. வான்பயணத்தில் புழங்குவது 1,852 மீட்டர் கொண்ட கடல் மைல். சாலையில் சொல்லும் மைல் ஏறத்தாழ 1,609 மீட்டர். வெறுமனே மைல் என்று எழுதியிருக்கும் இடத்தில் எது என்று பார்க்காமல் கிலோமீட்டராக மாற்றினால் விடை நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குத் தவறிவிடும்.

இனி, விமானம் உண்மையில் பறக்கும் வழி. சென்னையிலிருந்து லண்டனுக்கான பெருவட்டத்தை உருண்டையில் தொடர்ந்து சென்றால், அது வடமேற்காகக் கிளம்பித் தெலங்கானாவின் ஓரம், மகாராஷ்டிரம், குஜராத் வழியாகச் சிந்து மாகாணத்துக்குள் நுழைகிறது. பிறகு பலூசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடலின் தென்பகுதி, அஜர்பைஜான் ஆகியவற்றைத் தாண்டி, ஜார்ஜியாவின் தலைநகரான டிபிலிசிக்கு அருகே காகசஸ் மலைகளைக் கடக்கிறது. அதன்பின் ரஷ்யாவின் தென்மேற்கு மூலை, அசோவ் கடல், உக்ரைன், போலந்தின் கிராகோவ் நகரப் பக்கம், ஜெர்மனி, பெல்ஜியம். இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படித்தாலே சிக்கல் புரிந்துவிடும். 2014 ஜூலை 17 அன்று மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச் 17 விமானம் கிழக்கு உக்ரைனின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 2022 பிப்ரவரி முதல் உக்ரைனின் வான்வெளி முழுவதுமே பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. அதே ஆண்டில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களை மற்றொன்று தன் வான்வெளியில் தடைசெய்துகொண்டன. பாகிஸ்தான் 2019-இல் சில மாதங்களும், பிறகு 2025 ஏப்ரல் முதலும் இந்திய விமான நிறுவனங்களுக்கு வழி மறுத்தது. ஈரானின் வான்வெளி 2025 ஜூனில் போர்ச் சூழலில் மூடப்பட்டது.

தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியின்மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்பதை 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை தன் முதல் பிரிவிலேயே கூறுகிறது. ஆகவே பெருவட்டம் என்பது விமானத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாதையின் கோட்பாட்டு எல்லை மட்டுமே. அதிலிருந்து எவ்வளவு விலக நேர்கிறது என்பதை அன்றைய அரசியலும், அந்த விமான நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதும் முடிவு செய்கின்றன. ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் வெவ்வேறு நாடுகளின்மேல் பறப்பது இதனால்தான்.

இங்கே தொடக்க நிலை வாசகருக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. பாதையை நடுவில் கொஞ்சம் வளைத்தால் தூரம் நாம் அஞ்சும் அளவுக்குக் கூடுவதில்லை. உக்ரைனைத் தவிர்ப்பதற்காகச் சென்னையிலிருந்து இஸ்தான்புல் வரை ஒரு வில்லும், அங்கிருந்து லண்டன் வரை ஒரு வில்லுமாகக் கணக்கிட்டால் மொத்தம் ஏறத்தாழ 8,360 கிலோமீட்டர். நேர்ப்பாதையைவிட இது நூற்று முப்பது கிலோமீட்டருக்குள்தான் அதிகம். பறக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தைத் தொடாது. ஈரானையும் விட்டு விலகித் தெற்கே இறங்கிக் கெய்ரோவைத் தொட்டுப் போவதாக வைத்துக்கொண்டால்தான் மொத்தம் 8,880 கிலோமீட்டர் ஆகி, கூடுதலாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். உண்மையான பாதைகள் இப்படி ஒரே ஒரு முனையில் திரும்புவதில்லை. வழிகாட்டுப் புள்ளிகள் பலவற்றைத் தொட்டுச் சிறு சிறு துண்டுகளாகச் செல்கின்றன. ஆனால் கூடுதல் தூரம் எந்த அளவில் இருக்கும் என்பதை அறிய இந்த எளிய கணக்கே போதும்.

இப்போது வேகம். போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் உயரத்தில் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில் பறக்கின்றன. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. எனவே விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். இது தன்னைச் சூழ்ந்துள்ள காற்றை ஒப்பிட்டு விமானம் கொண்டிருக்கும் வேகம் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேகம் வேறாகிவிடும். ஆற்றின் போக்கில் போகும் படகுக்கும் எதிர்த்துப் போகும் படகுக்கும் துடுப்பு ஒன்றுதான், கரையைக் கடக்கும் வேகம் ஒன்றில்லை. இருக்கைக்கு முன்னாலுள்ள திரையில் தெரியும் எண் பெரும்பாலும் தரைவேகம். பயண நேரத்தைத் தீர்மானிப்பதும் அதுதான்.

சுற்றுகளையும் சேர்த்துப் பாதை 8,400 கிலோமீட்டர் என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 900 கிலோமீட்டர் வேகத்தில் 9 மணி 20 நிமிடங்கள் ஆகும். சராசரியாக 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 840 ஆகி, நேரம் சரியாகப் பத்து மணியாகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 8 மணி 45 நிமிடங்கள். எதிர்க்காற்றில் நாற்பது நிமிடம் போனது, பின்காற்றில் முப்பத்தைந்துதான் திரும்பக் கிடைத்தது என்பதைக் கவனிக்கலாம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, ஆகவே அதிக நேரம் இழக்கிறது. போகும் இழப்பும் வரும் ஆதாயமும் ஒருபோதும் சரிக்குச் சரியாகக் கழிவதில்லை. லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் நேரடி விமானத்தின் அட்டவணை நேரம் பத்து மணி நேரத்தை ஒட்டியும், சென்னையிலிருந்து போகும் விமானத்தின் நேரம் பதினொரு மணி நேரத்தை ஒட்டியும் இருப்பதற்கு முதன்மையான காரணம் இந்தக் காற்றுதான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு இலக்கு தானாகவே எதிரே வந்துவிட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நிலநடுக்கோட்டில் பூமியின் பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அப்படியே. மேலே எழும்பியதும் அது அந்தச் சுழற்சியை உதறிவிடுவதில்லை. சுழற்சியின் விளைவு மறைமுகமாகத்தான் வந்து சேர்கிறது: வெப்ப மண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றை அது கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது, அதனால் நடு அட்சக்கோடுகளில் உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலிமையான காற்றுப் பட்டைகள் உருவாகின்றன. ஜெட் காற்றோட்டம் என்று பாடநூல்களில் படிக்கிறோமே, அது இதுதான். மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டுவது அதற்குப் பெரிய காரியமில்லை.

இந்தக் காற்றோட்டத்தை முறையாக அளந்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. டதேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களை அனுப்பி 1920-களில் அவர் கண்டதை, உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, பன்னாட்டுப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 1926-இல் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர்கள் குறைவு என்பதால் மேற்கு நாடுகளில் அந்த அறிக்கை போதிய கவனம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானின் மேலே இதே காற்றில் சிக்கித் தடுமாறின. நமக்கு இன்னும் நெருக்கமான காற்றோட்டம் ஒன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, ஏறக்குறைய சென்னையின் அட்சக்கோட்டை ஒட்டி, 14 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. 1950-களில் அதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் மையம் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலே இருந்தாலும், அதற்குக் கீழேயும் காற்று கிழக்கிலிருந்தே வீசுவதால், மழைக்காலத்தில் லண்டன் விமானத்துக்குத் தென்னிந்தியாவைக் கடக்கும் வரை பின்காற்று கிடைக்கக்கூடும்; எதிர்க்காற்று வடக்கே போகப் போகத்தான் தொடங்கும். குளிர்காலத்தில் நிலைமை வேறு. அப்போது மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலேயே வந்து நிற்கிறது. ஒரே வழித்தடத்தில் ஜனவரிப் பயணமும் ஜூலைப் பயணமும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

காற்றின் கை எவ்வளவு ஓங்கியது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. சுற்றியிருந்த காற்றை ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. மற்றொன்று ஏர் இந்தியாவின் தில்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம். இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். அந்த விமானம் முன்பு மேற்கே திரும்பி அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பிப் பசிபிக் பெருங்கடல் வழியாக விட்டார்கள். பறந்த தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பயண நேரமோ பதினான்கரை மணியாக, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், குறைந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று நம்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

அட்டவணையில் அச்சாகும் நேரம் விமானம் வானில் இருக்கும் நேரத்தைக் குறிப்பதில்லை. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், சேருமிடத்தில் அது நிறுத்தப்படும் கணம் வரையுள்ள நேரத்தையே அது குறிக்கிறது. துறையினர் இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்கள் எழும்பும்வரை காத்திருப்பது, தரையிறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து வருவது எல்லாம் இதற்குள் அடங்கும். ஹீத்ரோவில் ஓடுபாதைகள் இரண்டே இரண்டு. நெரிசல் நேரத்தில் வந்து சேரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்ற நான்கு இடங்களின் மேலே அடுக்கடுக்காக வட்டமடித்துத் தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பை அனுபவத்தால் அறிந்து, நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் நேரத்தைக் கூட்டி வைக்கின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாட்களில் குறித்த நேரத்துக்கே வந்து சேர்வதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். விமானியால் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட முடியும் என்றாலும், எரிபொருள் செலவு வேகத்தைவிட விரைவாக ஏறுவதால் அதற்கு வரம்பு உண்டு.

எந்தக் கணத்தை வருகை என்று கொள்வது என்பதற்கு நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிக்கு இழப்பீடு உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் சென்ற ஒரு விமானம் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் ஓடுபாதையைத் தொட்டு, 3 மணி 3 நிமிடத் தாமதத்தில் நிறுத்துமிடத்தை அடைந்தது. எது வருகை? குறைந்தது ஒரு கதவாவது திறக்கப்பட்டு, பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் கணமே வருகை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதுவரை பயணி ஓர் அடைபட்ட இடத்தில், தன் வேலைகளைக் கவனிக்க முடியாமல் இருக்கிறார் என்பது அதன் வாதம். சரியான பார்வை என்றே எனக்குப் படுகிறது. இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்க அதே விதிகள் எந்தத் தூரத்தை எடுத்துக்கொள்கின்றன தெரியுமா? பறந்த பாதையின் நீளத்தை எடுப்பதில்லை, பெருவட்டத் தொலைவைத்தான். 1,500 கிலோமீட்டர், 3,500 கிலோமீட்டர் என்று அதில் படிகள் உண்டு. மாறாத எண் என்பதால் வழக்குக்கும் அதுவே வசதி.

தரையில் கழியும் நேரம் குறுகிய பயணங்களில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் பெருவட்டத் தொலைவு 360 கிலோமீட்டருக்குள்தான். அங்கே பறக்கும் ஏடிஆர் 72 ரக விசிறி விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் கொண்டவை. வகுத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று நிமிடம். அட்டவணையில் இருப்பதோ ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிய நேரம். அப்படியென்றால் சராசரி வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. லண்டன் பயணத்திலோ சராசரி மணிக்கு 750 கிலோமீட்டர் வரை வருகிறது. தூரம் கூடக் கூட, ஊர்தல், ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றின் பங்கு சிறுத்துப்போகிறது. இணையக் கருவிகள் பல, மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு நிலையான வேகத்தால் தூரத்தை வகுத்து, மேலே அரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லிவிடுகின்றன. நடுத்தரத் தூரங்களுக்கு இது குத்துமதிப்பாகப் பொருந்தும். விசிறி விமானம் பறக்கும் வழிக்கும், வலிமையான காற்றுள்ள நெடுந்தூர வழிக்கும் பொருந்தாது.

கடைசியாகக் கடிகாரம். பயணச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரத்திலும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரத்திலும் தரப்படும். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். சென்னையில் காலை 6 மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் மாலை 5 மணி. லண்டனில் காலை 11.30. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் வேறுபாடு நாலரை மணியாகிவிடும். அப்போது அதே விமானம் அங்கே பகல் 12.30-க்கு இறங்கும். பறக்கும் நேரம் மாறாமலே சீட்டிலுள்ள நேரம் மாறிவிடுகிறது. திரும்பி வரும்போது தலைகீழ்: குளிர்காலத்தில் லண்டனில் பகல் 1.30-க்குக் கிளம்பி 10 மணி 15 நிமிடம் பறந்தால், இறங்கும்போது லண்டன் நேரம் இரவு 11.45, சென்னை நேரம் மறுநாள் காலை 5.15. அழைத்துப்போக வரும் உறவினருக்குத் தேதியையும் சேர்த்துச் சொல்வது நல்லது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், 2,920 கிலோமீட்டர் தூரத்தை நாலேகால் மணி நேரத்தில் கடந்தாலும், சீட்டைக் கழித்துப் பார்ப்பவருக்கு ஆறே முக்கால் மணி நேரம் போலத் தெரியும். பலாலிப் பயணத்தில் இந்தத் தொல்லை இல்லை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. உண்மையான கால அளவை அறிய, இரு நேரங்களையும் ஏதாவது ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழிக்க வேண்டும்.

நேரடி விமானம் கிடைக்காமல் துபாய் வழியாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு எல்லாமே ஒன்றுசேர்ந்து வரும். சென்னை – துபாய் 2,930 கிலோமீட்டர், துபாய் – லண்டன் 5,500 கிலோமீட்டர், கூட்டினால் 8,430. நேர்ப்பாதையைவிடச் சுமார் 200 கிலோமீட்டர்தான் அதிகம், பறக்கும் நேரத்தில் கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் இரண்டு முறை ஓடுபாதைக்கு ஊர்ந்து, இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கி, நடுவில் மாற்று விமானத்துக்காக இரண்டு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ காத்திருக்க வேண்டியிருப்பதால், மொத்தப் பயணம் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சீட்டில் துபாயில் இறங்கும் நேரமும் அங்கிருந்து கிளம்பும் நேரமும் ஒரே கடிகாரத்தில் இருப்பதால், பயணச் சீட்டு முழுவதிலும் மாற்றாமல் அப்படியே கழித்து நம்பக்கூடிய இடைவெளி அந்தக் காத்திருப்பு மட்டுமே.